தாவர எண்ணெய் கலந்த பிளாஸ்டிக் பை: வளையும் சரி, மக்குமா?

பச்சை நிறம், ஓர் இலைப் படம், கீழே ‘தாவரத்திலிருந்து தயாரித்தது’ என்று ஒரு வரி. இப்படி ஒரு பை கைக்கு வந்தால் மனசு கொஞ்சம் லேசாகிவிடும், இல்லையா? தூக்கிப் போட்டாலும் மண்ணோடு மண்ணாகப் போயிடும்னு ஒரு நிம்மதி.

அந்தப் பை நொறுங்காமல் வளைந்து கொடுப்பதற்குப் பின்னால் சோயா, செம்பனை, ஆமணக்கு போன்ற ஒரு தாவர எண்ணெய் இருக்கலாம். அது எதற்காகச் சேர்க்கப்படுகிறது? அதனால் பை சீக்கிரம் மக்கிவிடுமா? செம்பனை விளையும் மலேசியாவுக்கு இதில் என்ன பங்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்

- மக்கும் பிளாஸ்டிக்குகள் பல இயல்பிலேயே கடினமானவை, எளிதில் உடைபவை. அவற்றை வளைய வைக்கத்தான் தாவர எண்ணெய் சேர்க்கிறார்கள்.
- எண்ணெயை அப்படியே கலந்தால் பிரிந்துவிடும். வேதிமுறையில் மாற்றிய பிறகே கலக்க முடியும்.
- எண்ணெய் சேர்ந்ததால் மட்டும் ஒரு பிளாஸ்டிக் மக்கிவிடாது. அது என்ன பிளாஸ்டிக், எங்கே போய்ச் சேருகிறது என்பவைதான் முக்கியம்.

மக்கும் பிளாஸ்டிக்கிற்கு எண்ணெய் எதற்கு?

மக்கும் பிளாஸ்டிக்குகளில் அதிகம் பேசப்படுவது பிஎல்ஏ. முழுப் பெயர் பாலிலாக்டிக் அமிலம். சோளம், கரும்பு போன்ற பயிர்களின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது லாக்டிக் அமிலம் கிடைக்கிறது. தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். அதன் மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்தால் பிஎல்ஏ.

அமெரிக்காவில் சோளத்திலிருந்தும் தாய்லாந்தில் கரும்பிலிருந்தும் இதைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கிறார்கள். கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்கும் குளிர்பானக் குவளைகள் சில இதில் செய்யப்பட்டவை.

குவளைக்குச் சரி, பைக்கு? அங்கேதான் சிக்கல். பிஎல்ஏ-வை இழுத்துப் பார்த்தால் தன் நீளத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடு நீண்டதுமே உடைந்துவிடும். சாதாரண பாலிஎத்திலீன் பை அப்படி இல்லை. பல நூறு விழுக்காடு நீளும். ஒரு கிலோ அரிசியை உள்ளே போட்டுத் தூக்கும்போது கைப்பிடி கொஞ்சம் இழுபட்டுத் தாங்குமே, அந்தக் குணம் பிஎல்ஏ-வுக்குக் கிடையாது.

மரவள்ளி மாவுச்சத்தில் செய்யும் பைகளுக்கு வேறு பிரச்சினை. மாவுச்சத்தைக் கிளிசரினோடு சூடாக்கிப் பிசைந்தால் பிளாஸ்டிக் போல உருகி வரும். ஆனால், அது தண்ணீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் தொளதொளவென்று ஆகும். நாள்பட இறுகிப்போய் விரிசல் விடும்.

ஆகவே, இந்த இரண்டு வகைக்கும் ஒரு துணை தேவை. அந்தத் துணைப்பொருளை நெகிழ்வூட்டி என்று அழைக்கலாம்.

எண்ணெய் உள்ளே போய் என்ன செய்கிறது?

வேகவைத்த மீயை வடிகட்டி அப்படியே வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதிலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிரட்டினால்? இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு தனித்தனியாக வரும்.

பிளாஸ்டிக்கிற்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. அதன் மூலக்கூறுகள் நீளமான இழைகள். பிஎல்ஏ-வில் அவை நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கின்றன. நெகிழ்வூட்டியின் சிறிய மூலக்கூறுகள் நடுவில் புகுந்து இடைவெளி உண்டாக்குகின்றன. வளைத்தால் இழைகள் நகர முடிகிறது, உடையாமல் தப்பிக்கிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. பிஎல்ஏ ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் விறைப்பை விட்டு இளக ஆரம்பிக்கும். நெகிழ்வூட்டி சேர்த்தால் அந்த வெப்பநிலை இறங்கும். அப்படின்னா, பை மென்மையாகும். கூடவே, சூட்டைத் தாங்கும் சக்தியும் குறையும். சுடச்சுடத் தே தாரிக் ஊற்றினால் சாதாரண பிஎல்ஏ குவளையே கோணிப்போகும். எண்ணெய் சேர்ந்தால் அந்த நிலைமை மேம்படப் போவதில்லை.

வலுவும் அப்படித்தான். வளையும் தன்மை கூடக் கூட, இழுவையைத் தாங்கும் வலு பொதுவாகக் குறையும். எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் தயாரிப்பாளரின் கைப்பக்குவம்.

சமையலறை எண்ணெயை அப்படியே ஊற்ற முடியாதா?

முடியாது. எண்ணெயும் பிஎல்ஏ-வும் ஒன்றோடு ஒன்று நன்றாகக் கலப்பதில்லை. வற்புறுத்திக் கலந்தாலும் எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாகத் தனித்து நிற்கும். பிறகு மெதுவாக மேற்பரப்புக்குக் கசிந்து வரும். பையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். உள்ளே எண்ணெய் குறைந்துவிடுவதால் பை மறுபடி விறைத்துவிடும்.

இதைச் சரிசெய்ய வேதியியலாளர்கள் எண்ணெயின் மூலக்கூறையே கொஞ்சம் மாற்றுகிறார்கள். பள்ளிப் பாடம் ஞாபகம் இருக்கா? எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் முதுகெலும்பு, அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமில வால்கள். சில வால்களில் கரிம அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஃபார்மிக் அமிலம் அல்லது அசிட்டிக் அமிலத்தையும் பயன்படுத்தி, அந்த இடங்களில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்துகிறார்கள். கரிமம் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று என ஒரு குட்டி முக்கோண வளையம் உருவாகிறது. அதன் பெயர் எபாக்சைடு.

இந்த வளையம் பிஎல்ஏ-வின் மூலக்கூறுகளோடு ஈர்ப்புக் கொள்ளும். ஆகையால், மாற்றிய எண்ணெய் முன்பைவிட நன்றாகக் கலக்கிறது, கசிவதும் குறைகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அளவு மிஞ்சினால் மறுபடி பிரிந்துவிடும்.

இது நேற்று வந்த தொழில்நுட்பம் இல்லை. எபாக்சைடாக மாற்றிய சோயா எண்ணெயைப் பிவிசி பிளாஸ்டிக்கில் பல ஆண்டுகளாகவே சேர்க்கிறார்கள். கண்ணாடிப் புட்டியின் உலோக மூடிக்குள் மென்மையான ஒரு வளையம் இருக்குமே, பலவற்றில் அது இருக்கிறது. புதிது என்னவென்றால், அதே உத்தியை மக்கும் பிளாஸ்டிக்குகளுக்குக் கொண்டுவருவதுதான்.

எல்லா எண்ணெயும் ஒன்றா?

இல்லவே இல்லை. இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவுதான் எபாக்சைடு வளையங்கள் போட முடியும். இதை அளக்க ‘அயோடின் எண்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது.

- ஆளிவிதை எண்ணெய்: 170-க்கும் மேல் போகும். இரட்டைப் பிணைப்புகள் ஏராளம்.
- சோயா எண்ணெய்: ஏறக்குறைய 130. சந்தையில் அதிகம் பயன்படுவது இதுதான்.
- செம்பனை எண்ணெய்: 50-ஐ ஒட்டித்தான். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி நிறைவுற்றவை. அவற்றில் இரட்டைப் பிணைப்பே கிடையாது.
- ஆமணக்கு எண்ணெய்: இது தனி ரகம். நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்போமே, அதுதான். இதன் கொழுப்பு அமிலத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி ஏற்கனவே இருப்பதால், வேதிமாற்றங்களுக்கு வசதி. உலகிலேயே இந்தியாதான் இதை அதிகம் உற்பத்தி செய்கிறது.

ஆக, பிளாஸ்டிக்கிற்கான எண்ணெய்ப் போட்டியில் செம்பனை முன்வரிசையில் நிற்கும் மாணவன் அல்ல. இருந்தும் அதன்மேல் ஏன் இவ்வளவு ஆர்வம்?

மலேசியாவுக்கு இதில் என்ன பங்கு?

மலேசியாவில் வணிக முறையிலான முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் தொடங்கியது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். ரப்பர் காலத்திலும் பிறகு செம்பனைக் காலத்திலும் இந்தத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயர் வரலாம்.

இன்று செம்பனை எண்ணெய் உற்பத்தியில் உலகிலேயே இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் மலேசியாவுக்கு. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 18 மில்லியன் டன்னுக்கும் மேல். அதை வெறும் சமையல் எண்ணெயாக விற்பதைவிட, மாற்றி அமைத்து வேதிப்பொருளாக விற்றால் விலை கூடும். சோப்பு, அழகுப் பொருள், மசகு எண்ணெய் என்று அந்தத் தொழில் ஏற்கனவே வேரூன்றியிருக்கிறது. அதில் கிளைப்பொருளாகக் கிடைக்கும் கிளிசரின்தான் மாவுச்சத்துப் பிளாஸ்டிக்கை இளக வைக்கவும் பயன்படுகிறது.

புத்ரா மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே எபாக்சைடாக மாற்றிய செம்பனை எண்ணெயைப் பிஎல்ஏ-வில் கலந்து பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதன் சாரம்: எண்ணெய் சேர்த்ததும் பிஎல்ஏ இழுபடும் தன்மை கூடியது, நொறுங்கும் தன்மை குறைந்தது. அதாவது, இரட்டைப் பிணைப்பு குறைவாக இருந்தாலும் செம்பனையாலும் இந்த வேலையைச் செய்ய முடியும். பொரித்து முடித்த பழைய சமையல் எண்ணெயையே எபாக்சைடாக மாற்றும் ஆராய்ச்சியும் நடக்கிறது.

சரி, எண்ணெய் சேர்த்தால் சீக்கிரம் மக்குமா?

இங்கேதான் கவனம் தேவை. ‘தாவரத்திலிருந்து வந்தது’, ‘மக்கக்கூடியது’ ஆகிய இரண்டும் ஒன்றல்ல.

கரும்பிலிருந்து பாலிஎத்திலீன் செய்கிறார்கள். நூறு விழுக்காடு தாவரம், ஆனால் மக்காது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து ஒரு வகை நைலான் செய்கிறார்கள். அதுவும் மக்காது. மறுபக்கம், பிபிஏடி என்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. ஆனால், உரக்கூடத்தில் மக்கும். எங்கிருந்து வந்தது என்பதைவிட, மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, நுண்ணுயிர்களால் அதை வெட்ட முடியுமா என்பதுதான் கணக்கு.

சாதாரண பாலிஎத்திலீனில் தாவர எண்ணெய் கலந்தால்? எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்னும். பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். கல்லை எண்ணெயில் ஊற வைத்தாலும் கல் கல்தானே.

பிஎல்ஏ போன்ற மக்கும் பிளாஸ்டிக்கில் கலந்தால் பதில் இரண்டு பக்கமும் போகலாம். எண்ணெய் இழைகளைத் தளர்த்துவதால் தண்ணீர் உள்ளே போய் வெட்டுவது எளிதாகலாம். எண்ணெய்க்குத் தண்ணீர் ஆகாது என்பதால் ஈரம் உள்ளே போவது தாமதமாகவும் செய்யலாம். எந்த எண்ணெய், எவ்வளவு, எந்தச் சூழல் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அதனால்தான் மூலப்பொருளுக்கு மட்டும் சான்று இருந்தால் போதாது. விற்பனைக்கு வரும் கலவையையே சோதிக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். ‘சிதையும் பை’ என்று விற்கப்படும் சிலவற்றில் உள்ள சேர்மானம் எண்ணெயே அல்ல, உலோக உப்பு. வெயிலிலும் காற்றிலும் அது சாதாரண பிளாஸ்டிக்கைத் தூள் தூளாக உடைக்கும். உடைவது வேறு, மக்குவது வேறு. நுண் பிளாஸ்டிக் பிரச்சினை காரணமாக, ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து இவ்வகைப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவரத் தடை விதித்தது.

நம்ம ஊர் வெயில் போதாதா?

போதாது. பிஎல்ஏ மக்க, தொழிற்சாலை அளவிலான உரக்கூடம் வேண்டும். அங்கே ஈரம், காற்று, நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து வெப்பத்தை 58 டிகிரியை ஒட்டி வைத்திருக்கும். இஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரநிலை இரண்டு முக்கியச் சோதனைகளைக் கேட்கிறது. 12 வாரத்தில் பொருள் சின்னத் துண்டுகளாகச் சிதைய வேண்டும். 6 மாதத்துக்குள் 90 விழுக்காடு நுண்ணுயிர்களால் கரியமில வாயுவாக மாற வேண்டும். நம்முடைய 34, 35 டிகிரி வெயிலில், வீட்டுத் தோட்டத்து மண்ணில், இதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது. கடலில் விழுந்தால் பிஎல்ஏ பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

மலேசியாவில் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி குப்பைமேடுகளுக்குத்தான் போகிறது. அங்கே அடியில் புதைந்த குப்பைக்குக் காற்று கிடைக்காது. பிஎல்ஏ அங்கே கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். மாவுச்சத்து போன்ற எளிதில் மக்கும் பொருள்கள் காற்றில்லாமல் மக்கினால் மீத்தேன் வாயு வரும். அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு அதிகமாகப் புவியைச் சூடாக்கும்.

பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போனால் கதை வேறு. அங்கே எரிக்கக்கூடிய குப்பை எரியாலைக்குப் போகிறது. சாம்பல் செமாக்காவ் நிலநிரப்பிடத்துக்கு. அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. மக்கும் பையோ மக்காத பையோ, இரண்டும் ஒரே நெருப்புக்குள் போனால் மக்கும் தன்மைக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவேதான் அங்கு எண்ணிக்கையைக் குறைப்பதில் கவனம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. சிலாங்கூரில் 2017-இலேயே ஒரு பைக்கு 20 சென் கட்டணம் வந்துவிட்டது.

கறியில் எண்ணெய் கலந்துவிடுமா?

நியாயமான கேள்வி. நெகிழ்வூட்டி எதுவாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பெயரும். எண்ணெய்ப் பசையுள்ள உணவு, சூடு, நீண்ட நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இடப்பெயர்ச்சி கூடும். சுடச்சுடக் கறியைப் பையில் கட்டி வாங்கும் பழக்கம் உள்ள ஊர் நமது. அதனால் இது நமக்கு வெறும் ஆய்வகக் கேள்வி இல்லை.

எபாக்சைடாக மாற்றிய சோயா எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு இருக்கிறது. ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம். குழந்தை உணவுப் புட்டிகளின் மூடி வளையத்திலிருந்து வருவது என்றால் 30 மில்லிகிராம். தாவர எண்ணெய் என்பதாலேயே வரம்பு தேவையில்லை என்று யாரும் விட்டுவிடவில்லை. மாற்றிய எண்ணெய், சமையல் எண்ணெய் அல்ல. சூடான சாப்பாட்டுக்குப் பாதுகாப்பான வழி, வீட்டிலிருந்து கொண்டுபோகும் எஃகுப் பாத்திரம்தான்.

பைக்காகக் காட்டை அழிப்பதா?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 5 கிராம் எடையுள்ள ஒரு பையில் 5 விழுக்காடு எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கால் கிராம். ஒரு மில்லியன் பைக்கு 250 கிலோ. ஒரு ஹெக்டர் செம்பனைத் தோட்டம் ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 4 டன் எண்ணெய் தரும். அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

சேர்மானமாகப் போடும் எண்ணெய்க்கு நிலம் அதிகம் தேவைப்படாது. நிலம் பற்றிய பெரிய கேள்வி, மீதி 95 விழுக்காட்டுக்கான சோளமும் கரும்பும் மரவள்ளியும் எங்கே விளைகின்றன என்பதுதான். ஒரே ஒரு முறை பயன்படுத்தி வீசுவதற்காக வயலில் ஒரு பயிரை வளர்க்கிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

- ‘தாவரத்திலிருந்து’ என்ற வரியோடு நிற்காதீர்கள். ‘உரமாக மக்கக்கூடியது’ என்று தரநிலை எண்ணோடு போட்டிருக்கா என்று பாருங்கள். மக்கும் பொட்டலப் பொருள்களுக்கு மலேசியாவின் சிரிம் சுற்றுச்சூழல் சான்று வழங்குகிறது.
- ‘வீட்டில் மக்கும்’, ‘தொழிற்கூடத்தில் மக்கும்’ என்று இரண்டு வகை உண்டு. வகையே எழுதவில்லை என்றால், வீட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட்டு நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.
- மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள். பிஎல்ஏ குவளையும் சாதாரண பிளாஸ்டிக் குவளையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கலந்துவிட்டால் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கின் தரம் கெடும்.
- எத்தனை முறை பயன்படுத்துவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே முறைதான் என்றால், பை எதில் செய்ததாக இருந்தாலும் அது குப்பைதான்.

மலேசியா 2018-இல் அறிவித்த செயல்திட்டம், 2030-க்குள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்கிறது. செம்பனை எண்ணெய் கலந்த பிளாஸ்டிக் அதற்கு ஒரு கை கொடுக்கலாம். விவசாயத்தில் மண்ணை மூடும் படலம், உணவுக் கழிவைச் சேர்த்து உரக்கூடத்துக்கு அனுப்பும் பை போன்றவற்றைத் திரும்ப எடுத்துச் சுத்தம் செய்வது கடினம். இந்தக் கலவைக்கு நல்ல வேலை அங்கே காத்திருக்கிறது. ஆனால், அந்த உரக்கூடம் முதலில் இருக்க வேண்டும், குப்பை பிரிந்து அங்கே போய்ச் சேர வேண்டும்.

அடுத்த முறை இலைப் படம் போட்ட பை ஒன்றைக் கல்லாவில் நீட்டினால், இரண்டே கேள்வி கேளுங்கள்: ‘இது எங்கே மக்கும்? அந்த இடம் நம்ம ஊர்ல இருக்கா?’ கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். கேட்பவர்கள் கூடினால், பதிலைத் தேட வேண்டிய கட்டாயம் பையைத் தயாரிப்பவர்களுக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் வரும்.